ஐடில் எச்சா ஓடுதுன்னா மொதல்ல காத்தைத் தேடுங்க

சத்தியமங்கலத்துப் பக்கம் திம்பம் மலை எறக்கத்துல எறங்குனா ஒரு வண்டியோட யோக்கியதை என்னன்னு தெரிஞ்சுருமுங்க. 27 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்ல போட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இஞ்சினே வண்டியைப் புடிச்சுப் புடிச்சு எறக்கோணும், பிரேக்கு சும்மா ஒத்தாசைக்குத்தான். போன மார்கழியில மைசூரு போயிட்டு வீட்டு ஆளுங்களோட திரும்பி வர்றப்போ என்ற பழைய பெட்ரோல் வண்டி காலை எடுத்ததுக்கு அப்புறமும் பின்னாடி யாரோ தள்ளிவிடற மாதிரி போயிட்டே இருக்குது, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு கடைசில கருகல் வாசம் வேற. பக்கத்துல உக்காந்திருந்த மாமா, "ஏன் மாப்ள, காலை எடுக்காமயே ஓட்டறயா?"ங்கறாரு. "எடுத்துட்டனுங் மாமா, அதுதான் கேக்க மாட்டீங்குது"ன்னேன். பண்ணாரி கோயலுக்கு முன்னாடி ஓரங்கட்டி நியூட்ரல்ல போட்டுப் பாத்தா ஆர்பிஎம் முள்ளு, அதான் இஞ்சின் நிமிசத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டறது, 1600ல நிக்குது. டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் அதே 1600.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம், மூணு பட்டறை, நாலாயிரத்துச் சொச்சம் ரூவா. கடைசில பாத்தா கோளாறு ஒரு கட்டைவெரல் நீளத்து ரப்பர் ஓஸ்ல. அது எப்படி இத்தனை நாளா யாரு கண்ணுலயும் படாம இருந்துச்சு, ஏன் எல்லாருமே ஒரே தப்பைப் பண்ணாங்கன்னு யோசிச்சப்பத்தான் இந்த ஐடில் சமாச்சாரத்தையே, அதாவது ஆக்சிலேட்டர்ல கால் வெக்காம சும்மா நிக்கறப்போ இஞ்சின் ஓடற வேகத்தைப் பத்தி, முழுசா எழுதி வெக்கலாம்னு தோணுச்சு.

மொதல்ல எது நார்மல்னு தெரிஞ்சுக்கோணும், இல்லைன்னா இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாத்துட்டு இருப்போம். நம்மூர் மெக்கானிக்குங்க இதை ஐடில்னு சொல்ல மாட்டாங்க, 'ஸ்லோ'ம்பாங்க, "ஸ்லோ எச்சா இருக்குதுங்"ன்னா அதுதான். பெட்ரோல் வண்டி நல்லா சூடானதுக்கு அப்புறம், ஏசி ஆஃப்ல, 700ல இருந்து 850க்குள்ள நின்னா சரி. ஏசி போட்டா கம்ப்ரசர் இழுக்கறதுக்காக வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரே கொஞ்சம் ஏத்திக்கும், 900 ஆயிரம் வரைக்கும் போகும், அது கோளாறு இல்ல. வெடியால மொதல் ஸ்டார்ட்ல 1200, 1500ன்னு கத்தறதும் கோளாறு இல்ல, அதுவும் மார்கழி தையில கோபி, சத்தி பக்கம் பனி எறங்கற நேரத்துல கொஞ்சம் எச்சாவே கத்தும், ரெண்டு மூணு நிமிசத்துல படிப்படியா எறங்கி வந்துட்டா பேசாம ஆபீஸுக்குக் கிளம்புங்க. சூடான பின்னாடியும் எறங்காம ஆயிரத்துக்கு மேலயே நின்னாத்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

இப்ப மேட்டருக்கு வர்றேன். பெட்ரோல் இஞ்சினோட வேகத்தை முடிவு பண்றது பெட்ரோல் இல்லீங்க, காத்து. ஆக்சிலேட்டரை மிதிச்சா பெட்ரோல் குழாயைத் தொறக்கறோம்னு நெறையப் பேரு நெனைச்சுட்டு இருக்காங்க, நானும் நெனைச்சுட்டுத்தான் இருந்தேன், ஆனா கால் தொறக்கறது இஞ்சினுக்குக் காத்துப் போற வாசலான த்ராட்டில் பாடிக்குள்ள இருக்கற ஒரு வட்டத் தகடை, பட்டர்ஃப்ளைன்னு சொல்லுவாங்க. காத்து எவ்வளவு போகுதோ அதை சென்சார் அளந்து சொல்ல, அதுக்குத் தக்கன பெட்ரோலை கம்ப்யூட்டர் ஊத்தும், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில 14.7 பங்கு காத்துங்கறது கணக்கு. டீசல் வண்டி இதுக்கு நேர் எதிர், அதுல வேகத்தை முடிவு பண்றது டீசலோட அளவுதான், அதனால இதுல சொல்ற எதையும் டீசல் வண்டியில போய் பாக்காதீங்க.

ஆக, கால் எடுத்தாச்சு, பட்டர்ஃப்ளை மூடியாச்சு, அப்புறமும் இஞ்சின் 1600ல ஓடுதுன்னா அதுக்கு எங்கிருந்தோ காத்து கிடைக்குது. இதுல எந்த மாயமும் இல்ல. அந்தக் காத்து ரெண்டே வழியிலதான் வந்தாகோணும். ஒண்ணு, கம்ப்யூட்டருக்குத் தெரியாம ஏதோ ஓட்டை வழியா திருட்டுத்தனமா வருது. இல்லைன்னா கம்ப்யூட்டரே "எனக்கு எச்சா வேணும்"னு கதவைத் தொறந்து வெச்சிருக்குது. திருடன் வந்தானா, வீட்டுக்காரனே தொறந்து விட்டானான்னு பாக்கற வேலைதான் மொத்த வைத்தியமும். இதைப் பிரிச்சுப் பாக்காம சாமானை மாத்த ஆரம்பிச்சா பணந்தான் போகும், எனக்குப் போன மாதிரி.

ஆனா பட்டறைக்குப் போனா மொதல்ல நடக்கறது என்ன தெரியுங்களா, பானெட்டைத் தொறந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து த்ராட்டில் பாடியில இருக்கற அந்த ஒத்தை ஸ்க்ரூவைத் திருப்பறது. இது சும்மா வந்த பழக்கம் இல்ல. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்போ அதுல இருந்தது காத்தையும் பெட்ரோலையும் கலந்து விடற கார்புரேட்டர், அதுக்கு முன்னாடி இருந்த அம்பாசடர், பத்மினி எல்லாமே கார்புரேட்டர்தான், அதுல ஸ்லோ செட் பண்றதுக்குன்னே ஒரு ஸ்க்ரூ உண்டு, காதை வெச்சுக் கேட்டே கரெக்டா நிறுத்தற ஆளுங்க இருந்தாங்க, அது ஒரு கலைதான், நான் குறை சொல்லல. 1920ல பொள்ளாச்சி பழனி ரூட்ல ஜி.டி.நாயுடு தானே பஸ் ஓட்டுன காலத்துல இருந்து இஞ்சினைக் கையால தொட்டுப் பாத்து சரி பண்ற ஊருங்க இது. ஆனா 2000 ஏப்ரல்ல நாடு பூராவும் புகைக் கட்டுப்பாடு இறுகுச்சு, கார்புரேட்டர் போயி, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்சன் வந்துருச்சு. ஸ்க்ரூ மட்டும் அதே எடத்துல இருந்துச்சு, பாக்கறதுக்கும் அதே மாதிரி இருந்துச்சு, ஆனா சோலி மாறிப் போச்சு. இப்ப அது ஸ்லோ செட் பண்ற ஸ்க்ரூ இல்ல, பட்டர்ஃப்ளை முழுசா மூடி குழாய்ச் சுவத்துல போயி சிக்கிக்காம இருக்கறதுக்கு வெச்ச ஒரு முட்டுக்கட்டை. கம்பெனியிலயே செட் பண்ணி, சில வண்டியில அது மேல பெயிண்டு கூட அடிச்சு அனுப்பியிருப்பாங்க.

அதைத் திருப்புனா என்ன ஆகும்னு கேளுங்க. உள்ள முறுக்குனா பட்டர்ஃப்ளை ஒரு துளி தொறந்தே நிக்கும், அப்ப த்ராட்டில் பொசிசன் சென்சார், மூடியிருக்கறப்போ 0.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டியது (மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்) அதுக்கு மேல காட்டும், கம்ப்யூட்டர் "ஓ, டிரைவர் கால் வெச்சிருக்காரு"ன்னு நெனைச்சுக்கும், கால் வெச்சிருக்கற வரைக்கும் அது ஐடிலைக் கட்டுப்படுத்தவே போகாது. ஒரு கோளாறு ரெண்டாயிருச்சு பாருங்க. வெளிய திருப்புனா பட்டர்ஃப்ளை சுவத்தைக் கடிச்சுக்கும், கொஞ்ச நாள்ல அங்க ஒரு கோடே விழுந்துரும், அப்புறம் ஆக்சிலேட்டரை மொதல்ல மிதிக்கறப்போ டக்குன்னு ஒட்டிட்டு விடற மாதிரி ஒரு உணர்வு. என்ற வண்டிக்கு மொதல் பட்டறையில நடந்தது ரெண்டாவது ரகம். 1600 1400 ஆச்சு, அவரு "செட் ஆயிருச்சுங்"ன்னு அனுப்பிட்டாரு, அவிநாசி தாண்டறதுக்குள்ள ஆக்சிலேட்டர் ஒட்ட ஆரம்பிச்சுருச்சு.

சரி, அப்ப ஸ்லோவை யாரு பாத்துக்கறது? பட்டர்ஃப்ளைக்கு பக்கவாட்டுல ஒரு சின்ன சந்து இருக்கும், அந்த சந்துல ஒரு வால்வு, ஐஏசி வால்வும்பாங்க, ஐடில் ஏர் கன்ட்ரோல். கம்ப்யூட்டர் அதைத் தொறந்து மூடி ஸ்லோவை நிறுத்துது, வாய்க்கால்ல மடையைத் தொறந்து வெக்கற மாதிரி. புது வண்டிகள்ல இந்த சந்தும் இல்ல, கேபிளும் இல்ல, மோட்டார் வெச்சு பட்டர்ஃப்ளையவே ஒரு மயிரிழை தொறந்து வெச்சுக்குது. எதா இருந்தாலும் சூத்திரம் ஒண்ணுதான், ஒரு டார்கெட் இருக்கு, அதுக்கு மேல போனா கம்ப்யூட்டர் மூடும், கீழ வந்தா தொறக்கும்.

இங்கதான் ஒரு நுணுக்கம் இருக்குது, எந்தப் பட்டறையிலயும் எனக்கு யாரும் சொல்லாதது. சின்னதா ஒரு ஓட்டை விழுந்து அதுல காத்து உள்ள வந்தா வெளிய எதுவுமே தெரியாது. ஏன்னா ஓட்டையில வந்த அளவுக்கு கம்ப்யூட்டர் ஐஏசியை மூடிக்கும், ஸ்லோ அதே 800ல நிக்கும். ஓட்டை பெருசாகப் பெருசாக இன்னும் மூடும், இன்னும் மூடும், ஒரு நாள் முழுசா மூடிரும், அதுக்கு மேல மூட எடமில்ல. அன்னைக்குத்தான் நமக்கு முள்ளு ஏறறது தெரியும். அதாவது நாம "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்"ன்னு சொல்றோமே, நேத்து வரைக்கும் கம்ப்யூட்டர் மூடி மறைச்சுட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால ஸ்கேனர், அதான் வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கற மிசினு, மாட்டுனா எரர் கோடு என்ன காட்டுதுன்னு மட்டும் பாக்காதீங்க. பி0507ன்னு வரும், "ஸ்லோ எதிர்பார்த்ததை விட எச்சு"ன்னு அதுக்கு அர்த்தம், அது நமக்கே தெரியுமே, அதைச் சொல்றதுக்கு எதுக்கு மிசினு. லைவ் டேட்டாவுக்குப் போயி ஐஏசி எவ்வளவு தொறந்திருக்குன்னு பாருங்க. ஸ்லோ 1600, ஐஏசி கிட்டத்தட்ட ஜீரோன்னா கம்ப்யூட்டர் பாவம் கதவை இறுக்கி மூடிட்டு நிக்குது, காத்து வேற வழியா வருது, ஓட்டையைத் தேடுங்க. ஸ்லோ 1600, ஐஏசியும் நல்லா தொறந்திருக்குன்னா கம்ப்யூட்டரே கேட்டு வாங்குது, எந்த சென்சார் அதுகிட்ட பொய் சொல்லுதுன்னு தேடுங்க. இந்த ஒரு பார்வையில பாதி வேலை முடிஞ்சுரும். கொஞ்சம் புது வண்டின்னா ஸ்டீயரிங்குக்குக் கீழ மாட்டற சின்ன புளூடூத் டப்பாவும் போன்ல ஒரு ஆப்பும் போதும், முள்ளு இல்லாத வண்டிக்காரங்களுக்கு ஆர்பிஎம்மும் அதுலயே தெரியும். ஐஏசியை பட்டறை ஸ்கேனர்தான் ஒழுங்கா காட்டும்.

ஸ்கேனரே இல்லைன்னாலும் ஒரு கை வைத்தியம் உண்டு, இதைத்தான் கோபியில ஒரு பெரியவரு எனக்குச் செஞ்சு காட்டுனாரு. ஏர் ஃபில்டர்ல இருந்து த்ராட்டிலுக்கு வர்ற பெரிய குழாயைக் கழட்டிட்டு, இஞ்சின் ஓடறப்பவே த்ராட்டில் வாயை ஒரு தடி அட்டையால சப்புனு மூடுனாரு, அவரு எடுத்தது டியூப் லைட்டு டப்பா அட்டை. இஞ்சின் மூச்சு முட்டி நின்னுட்டா ஓட்டை எதுவும் இல்ல, காத்து த்ராட்டில் வழியாவோ ஐஏசி வழியாவோதான் வருது. நிக்காம ஓடுச்சுன்னா? "வாயைப் பொத்தியாச்சு, இன்னும் பாட்டு பாடுதுன்னா மூக்கு எங்கயோ தொறந்திருக்குது தம்பி"ன்னாரு. என்ற வண்டி நிக்கல. குரல் கம்மி கம்மி ஆயிரத்துச் சொச்சத்துல ஓடிட்டே இருந்துச்சு. அப்ப நான் அதுக்கு முன்னாடி ரெண்டாவது பட்டறையில மாத்துன புது ஐஏசி வால்வு எதுக்குங்கற கேள்வியை நான் என்னையே கேட்டுக்கிட்டேன். (இதைச் செய்யறவங்க அட்டை எடுங்க, உள்ளங்கையை வெக்க வேண்டாம், உறிஞ்சற வேகத்துல தோலு கன்னிப் போகும். காத்தை மாஸ் சென்சார் வெச்சு அளக்கற வண்டின்னா அந்தக் குழாயைக் கழட்டுனாலே தடுமாறும், அதுல இந்த டெஸ்ட்டு ஒத்து வராது.)

மாஸ் சென்சார்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதையும் சொல்லிடறேன். ஒரே ஓட்டை, ஆனா ரெண்டு வண்டியில ரெண்டு விதமா பேசும். மாருதி மாதிரி நம்மூர்ல நெறைய ஓடற சின்ன வண்டிகள்ல காத்தை நேரா அளக்கறதில்ல, த்ராட்டில்ல இருந்து சிலிண்டருங்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடற குழாயான மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு மேப் சென்சார் பாத்து அதுல இருந்து கணக்குப் போடுது. ஓட்டையில காத்து வந்தா அழுத்தம் ஏறும், "அட, காத்து எச்சா இருக்குதே"ன்னு பெட்ரோலையும் சேத்து ஊத்திரும், இஞ்சின் நல்லா ஸ்மூத்தா, ஆனா வெசையா ஓடும். மாஸ் சென்சார் வண்டியில காத்து சென்சாரைத் தாண்டி பொறத்தாண்ட வழியா வர்றதால கணக்குலயே வராது, பெட்ரோல் பத்தாம இஞ்சின் குலுங்கும், திணறும், பெட்ரோல் பத்தலைன்னு பி0171 கோடு வரும். அதனால குலுங்காம ஓடுதே, அப்ப ஓட்டை இருக்காதுன்னு மேப் சென்சார் வண்டிக்காரங்க நெனைச்சா ஏமாந்து போவீங்க. நான் ஏமாந்தேன்.

இன்னொரு ரகம், முள்ளு ஒரே எடத்துல நிக்காம வூம்... வூம்...னு 1200க்கும் 2000க்கும் ஊஞ்சல் ஆடறது. பேய் புடிச்ச மாதிரி இருக்கும், ஆனா காரணம் நெம்ப சிம்பிள். கால் எடுத்துட்டீங்க, ஆனா ஆர்பிஎம் எச்சா இருக்குது, கம்ப்யூட்டரைப் பொறுத்த வரைக்கும் அப்படி இருந்தா வண்டி எறக்கத்துல போகுதுன்னு அர்த்தம், பெட்ரோலை மிச்சம் புடிக்க ஒட்டுக்கா நிறுத்திரும். நிறுத்துனதும் ஆர்பிஎம் விழும், விழுந்ததும் பெட்ரோலைத் தொறக்கும், ஓட்டை வழியா காத்து தயாரா இருக்கறதால மறுபடி ஏறும், மறுபடி நிறுத்தும். இந்த ஊஞ்சலைப் பாத்தா கண்ணை மூடிட்டு பெரிய ஓட்டைன்னு எழுதி வெச்சுக்கலாம்.

ஓட்டை எங்கெல்லாம் விழும்? மேனிஃபோல்டு பேக்கிங், த்ராட்டில் பாடி பேக்கிங், இன்ஜெக்டர் அடியில இருக்கற ரப்பர் வளையம், பெட்ரோல் டேங்க் ஆவியை உறிஞ்சற பர்ஜ் வால்வு தொறந்தபடியே நின்னு போறது, இதெல்லாம் உண்டு. கேஸ் கிட் மாட்டுன வண்டின்னா மேனிஃபோல்டுல ஓட்டை போட்டு சொருகுன நாசில், அதுக்கு வர்ற பென்சில் தண்டி ஓஸுங்க, அதையெல்லாம் மொதல்ல பாருங்க, ஏன்னா அது கம்பெனியில மாட்டுனது இல்ல. தோட்டத்து சாளையில வண்டி நிறுத்தறவங்களுக்கு இன்னொரு எதிரி, எலி. தேங்காய் மட்டை குமிச்சு வெச்ச எடத்துல ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வெச்சுட்டு எடுத்தா வயரும் ஓஸும் கொறிச்சு வெச்சிருக்கும், என்ற பங்காளி ஒருத்தரு வண்டியில ஏர் ஃபில்டருக்குள்ள கூடே கட்டிக் குட்டி போட்டு வெச்சிருந்துச்சு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்து ஆளுங்க ஃபில்டர்ல பஞ்சு அப்பியிருக்கறதைக் காட்டி இதுனாலயான்னு கேப்பாங்க. இல்ல. ஃபில்டர் அடைச்சா காத்து கம்மிதான் ஆகும்.

இதுல ஒண்ணை மட்டும் தள்ளிப் போடாதீங்க, பிரேக் மிதிக்கற காலுக்கு பலம் சேக்கற பிரேக் பூஸ்டருக்குப் போற தடி ஓஸ். ஸ்லோவும் எச்சு, பிரேக் பெடலும் கல்லு மாதிரி இருக்குதுன்னா ஓட்டை அந்த ஓஸ்லயோ பூஸ்டருக்குள்ளயோ இருக்கு. அதோட எந்த எறக்கத்துக்கும் போக வேண்டாம், ஊருக்குள்ளாரயும் வேண்டாம், வண்டியை தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.

ஓட்டையைக் கண்டுபுடிக்க நெறையப் பேரு கார்ப் கிளீனரை பீச்சி அடிப்பாங்க, சத்தம் மாறற எடத்துல ஓட்டைன்னு. வேலை செய்யும், ஆனா சூடான எக்சாஸ்ட் மேல பட்டா தீப்புடிக்கும், நான் சொல்ல மாட்டேன். செடிக்குத் தண்ணி அடிக்கற ஸ்பிரேயர் போதும், வயர் கனெக்டர் மேல படாம அடிச்சா ஓட்டை தண்ணியை உறிஞ்சற ஒரு செகண்டு சத்தம் தடுமாறும். அதுக்கும் முன்னாடி, மூக்கு நீளமான கட்டிங் பிளேயர்ல துணியைச் சுத்தி ஒவ்வொரு ஓஸையும் அமுக்கிப் பாக்கறது. எதை அமுக்குனா ஸ்லோ சடார்னு எறங்குதோ, அந்த லைன்லதான் திருடன்.

கோபி பெரியவரு அதைத்தான் பண்ணாரு. பூஸ்டர் ஓஸ், ஒண்ணும் இல்ல. பர்ஜ் லைன், ஒண்ணும் இல்ல. வால்வு கவர்ல இருந்து மேனிஃபோல்டுக்குப் போற பிசிவி ஓஸ், அமுக்குனதும் முள்ளு 1400ல இருந்து 900க்கு விழுந்துச்சு. ஓஸைப் பாத்தா மேல புதுசு மாதிரி கருகருன்னு மின்னுது. "இதுல என்னங்க இருக்கு"ன்னேன். அவரு பேசாம இஞ்சினை நிறுத்தி, ஓஸைக் கழட்டி, ஒரு முனையை வெரல்ல அடைச்சு, இன்னொரு முனையில பீடிப் புகையை ஊதுனாரு. நடுவுல எல் மாதிரி வளையற எடத்துல, அடிப் பக்கமா, புகை கோடு மாதிரி வெளிய வருது. திருப்பிப் பாத்தா ரப்பர் ஊறிப் போயி ஜவ்வு மாதிரி ஆகி வாய் பொளந்து கெடக்குது. இஞ்சின் ஆயில் ஆவி எந்நேரமும் போற ஓஸ் அது, உள்ளருந்து ஊறிட்டே வரும், வளைவுல அடிப் பக்கம் ஆயில் தேங்கும், அங்கதான் வெடிக்கும், மேலிருந்து டார்ச் அடிச்சுப் பாத்தா ஜென்மத்துக்கும் தெரியாது. மூணு பட்டறையில ரெண்டு பேரு இதை மேலாகப் பாத்து "ஓஸெல்லாம் சூப்பருங்"ன்னு சொன்னவங்க.

இது திருடன் கதை. வீட்டுக்காரனே கதவைத் தொறக்கற கதை வேற, நம்ம பக்கம் அதுக்கு முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு, தெர்மோஸ்டாட் வால்வு. 82 டிகிரி வாக்குல தொறக்கற வால்வு அது, அது வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம இஞ்சினை சீக்கிரம் சூடாக்கும். எப்பவாச்சும் வண்டி ஓவர் ஹீட் ஆச்சுன்னா அதைக் கழட்டி அக்கட்டால வீசிட்டு "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்குங்"ன்னு சொல்லி அனுப்பறது பல எடத்துல வழக்கம். வண்டி கூலா ஓடும், நமக்கும் சந்தோசம். ஆனா கூலன்ட் 60 டிகிரிக்கு மேல ஏறாம மலைப்பாதையில, பை பாஸ்ல ஓடிட்டு இருந்தா கம்ப்யூட்டரைப் பொறுத்த வரைக்கும் அது எப்பவுமே விடியக்கால ஸ்டார்ட்டுதான், ஸ்லோவை ஏத்தி, பெட்ரோலையும் சேத்து ஊத்தி, மைலேஜ் போயிரும். ஹீட் முள்ளு பாதிக்கு வராம கீழயே கெடந்தா சந்தேகப்படுங்க.

அந்த வெப்பத்தைச் சொல்ற சென்சாரே பொய் சொன்னாலும் இதே கதிதான். அது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கொறையற ரகம், பெரும்பாலான வண்டிகள்ல 20 டிகிரியில ரெண்டு, ரெண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில 300 ஓம் பக்கம் வரோணும். சுடுதண்ணி கிளாஸ்ல முக்கி மல்டிமீட்டர்ல பாத்தாப் போதும். போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தற பழக்கம் நம்ம தோட்டத்துல உண்டுங்களே, டிராக்டருக்கு ஊத்தற கையோட காருக்கும் ஊத்திட்டா அந்த உப்பு சென்சார் முனையில பாறை மாதிரி அப்பிக்கும். சிறுவாணித் தண்ணியே ஆனாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம், கூலன்ட் ஊத்துங்க. கூலன்ட் கொறைஞ்சு சென்சார் காத்துல தொங்கிட்டு இருந்தாலும் இதே குழப்பம், அதனால எதையும் கழட்டறதுக்கு முன்னாடி டப்பாவுல லெவல் பாருங்க, காசு செலவில்லாத டெஸ்ட்டு அது.

இதோட ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமா இருக்குதான்னும் பாருங்க, கால் மேட்டு பெடல் மேல ஏறி உக்காந்திருக்குதான்னும் பாருங்க. சிரிக்காதீங்க, உடுமலையில என்ற சித்தப்பா பையன் வண்டிக்கு மேட்டுதான் காரணம்.

சர்வீஸுக்கு விட்டு எடுத்த பின்னாடி ஸ்லோ எச்சாச்சுன்னு சொல்றவங்க தனி கோஷ்டி. த்ராட்டில்ல கரி படியப் படிய காத்துப் போற சந்து அடையும், கம்ப்யூட்டர் அதைப் பழகி கொஞ்சம் கொஞ்சமா எச்சா தொறந்து வெச்சிருக்கும். இவங்க பளிச்சுனு கிளீன் பண்ணிடறாங்க, கம்ப்யூட்டர் பழைய ஞாபகத்துலயே தொறக்குது, காத்து எச்சா போகுது. இதுக்கு பயப்பட வேண்டாம், பல வண்டிகள்ல தானா ரெண்டு நாள்ல பழகிக்கும், இல்லைன்னா பேட்டரி நெகட்டிவைக் கொஞ்ச நேரம் கழட்டி மாட்டிட்டு, ஏசி, லைட்டு எதுவும் போடாம, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் சும்மா ஓட விட்டா சரியாயிரும், சில மாடலுக்கு மட்டும் ஸ்கேனர்ல ரீலேர்ன், அதாவது மறுபடி பழக்கற வேலை, பண்ணோணும். மோட்டார் வெச்ச த்ராட்டில்னா இக்னிசன் ஆன்ல இருக்கறப்போ தகட்டை வெரல்ல தள்ளாதீங்க, உள்ள பல்லு ஒடஞ்சா புது த்ராட்டில் பாடிதான், அந்த வெலைக்கு ஒரு செகண்ட்ஹேண்டு டூ வீலர் வாங்கலாம்.

மேனிஃபோல்டு உறிஞ்சற பலத்தைப் பாதரச இஞ்ச் கணக்குல அளக்கற வேக்கம் கேஜ் வெச்சிருக்கற ஆளுங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கீழ சமவெளியில நல்ல இஞ்சின் ஸ்லோல 17ல இருந்து 20 இஞ்ச் காட்டும். அதே வண்டியை ஊட்டிக்கு ஏத்திப் பாத்தா 11, 12தான் காட்டும், 2240 மீட்டர் உசரத்துல காத்தே லேசு, 300 மீட்டருக்கு ஒரு இஞ்ச் கணக்குல கொறையும். அங்க போயி பதறி மேனிஃபோல்டு பேக்கிங்கைக் கழட்டிராதீங்க.

என்ற வண்டிக்குப் புது ஓஸ் கோயமுத்தூர்ல வாங்குனேன், நூறு ரூவாகூட ஆகல. பெரியவரு ஓஸை மாட்டுனதோட விடல, மொதல் பட்டறையில திருப்பி வெச்ச அந்த ஸ்க்ரூவை மல்டிமீட்டர் வெச்சு, சென்சார் வோல்டேஜைப் பாத்துப் பாத்து பழைய எடத்துக்குக் கொண்டாந்து, ஒரு சொட்டு நெகப்பூச்சு வெச்சு சீல் அடிச்சாரு, அவரு பேத்தியோடதாம். இப்ப பானெட்டைத் தொறந்தா கறுப்பு இஞ்சின்ல ஒரு ரோஸ் புள்ளி தெரியும். ஸ்லோ 780. அதுக்கப்புறம் மாமா மறுபடி மைசூரு போலாம்னாரு, திரும்பி வர்றப்போ 27 வளைவும் ரெண்டாவது கியர்லயே எறங்கி பண்ணாரியில நிறுத்துனேன், அவரு தூங்கிட்டு இருந்தாரு.